போர் எடுப்பதா, புது எஞ்சினா? ஒரு 9.9 மண்ணெண்ணெய் எஞ்சினை முன்வைத்து

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அப்பா காலத்து ஃபைபர் வள்ளம். அதில் 7 வருடம் ஓடிய 9.9 குதிரைசக்தி மண்ணெண்ணெய் அவுட்போர்டு, அதாவது வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற எஞ்சின். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையிலிருந்தே தள்ளி இறக்குகிறீர்கள். கடலில் ஒரு மணி நேரம் ஓடியதும் இழுவை குறைகிறது. பின்னால் பீச்சுகிற தண்ணீர் நூல் மாதிரி மெலிந்துவிட்டது, கை வைத்தால் சுடுகிறது. கியர் ஆயில் பால் ஊற்றின காபி நிறத்தில் வருகிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம், பார்த்ததில் மேல் சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு, கீழ் சிலிண்டர் 65. ஒரு மெக்கானிக், "ரெண்டு போரும் எடுத்து பிஸ்டன், கிராங்க், கியர் எல்லாத்தையும் மாத்தணும்" என்கிறார். போர் எடுப்பது என்றால் சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது; கிராங்க் என்பது பிஸ்டன் சுழற்றுகிற தண்டு. இன்னொருவர், "இதுல இனி காசு போடாதே, வித்துட்டுப் புதுசு வாங்கு" என்கிறார். யார் சொல்வது சரி?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் தள்ளி வையுங்கள். இந்தக் கரையில் 20 வருடத்துக்கு மேல் இதே மாதிரி எஞ்சின்களைத்தான் பிரித்துக் கோர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் எஞ்சினில் செத்துப்போனது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் பம்பு ஒன்றுதான். கியர் பெட்டியில் ஏதோ ஓர் இடத்தில் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் சீலோ வாஷரோ போயிருக்கிறது. கீழ் சிலிண்டர் சந்தேகத்துக்கு உரியது. மீதி எல்லாம் பிரித்துப் பார்க்கிறவரை வெறும் யூகம்.

தேய்ந்த சாமானைக் கழற்றிப் புதுசு போடுவது பெரிய வித்தை இல்லை. அதைத் தேய வைத்தது எது என்று தெரியாமல் போட்டால், புதுசும் அதே வழியில்தான் போகும். போர் எடுத்துப் புது பிஸ்டன் போட்ட மூன்றாவது மாதத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது என்று வருகிற எஞ்சின்களில், பெரும்பாலும் பழைய பம்பு அப்படியே இருக்கும். சூட்டால் செத்த பிஸ்டனை மாற்றியவர் சூட்டை மாற்றவில்லை.

உங்கள் ஊர் மணலை முதலில் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கரை மணல் சாதாரண மணல் இல்லை. இல்மனைட், கார்னெட், சிர்கான் கலந்த கனிம மணல். அதைப் பிரித்தெடுக்கத்தான் அங்கே அரசாங்க ஆலையே இருக்கிறது. கார்னெட்டும் சிர்கானும் எஃகையே கீறுகிற கடினம். அலைக்குள் வள்ளத்தைத் தள்ளி, இடுப்பளவு தண்ணீரிலேயே எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணும்போது, புரொப்பல்லர் அந்த மணலைக் கிளப்பி விடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் சல்லடை வழியாகப் பம்பு அதைக் குடிக்கிறது. துறைமுகத்துக்குள் கட்டிப்போடுகிற வள்ளத்தில் ஒரு வருடம் வருகிற இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றுகிற சக்கரம்) உங்களிடம் ஆறு மாதம் வந்தால் புண்ணியம். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற கெடு, சுத்தமான தண்ணீரில் ஓடுகிறவனுக்குப் போட்ட கெடு.

இம்பெல்லர் ரப்பர். ரப்பரைச் சரிசெய்வது என்று ஒன்று கிடையாது. அது வெறும் ஆறு ரெக்கை உள்ள வட்டு. உள்ளே மையம் தள்ளிய ஒரு கிண்ணத்தில் மடங்கி மடங்கிச் சுற்றித்தான் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. ரெக்கை ஒரே பக்கமாக மடங்கி நின்றுவிட்டால், வேகம் குறையும்போது ஏற்றுகிற பலம் போய்விடும். கரையில் "சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்" என்று தண்ணீரில்லாமல் அரை நிமிடம் ஓட்டினாலே ரெக்கை நுனி கருகும். பழையதைத் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். ஒரு பக்கம் மடங்கிப் பழகின ரெக்கையை எதிர்ப்பக்கம் மடக்கினால் வேரோடு பிய்த்துக்கொள்ளும்.

இம்பெல்லரை மட்டும் மாற்றி மூடிவிடுகிறவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். மணல் ரப்பரைத் தின்கிற மாதிரியே, அது உரசுகிற எஃகுக் கிண்ணத்தையும் அடித்தட்டையும் தின்கிறது. நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் நகத்தில் தட்டினால் கிண்ணம், தட்டு, இம்பெல்லர், சாவி, பேக்கிங் எல்லாம் சேர்ந்த கிட் வாங்கிப் போடுங்கள். தட்டில் லேசான கீறல் மட்டும் என்றால் கண்ணாடிப் பலகை மேல் நைசான எமரித் தாளைப் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமன் செய்யலாம். அது ஒரு சீசனுக்கு வரும், நானும் செய்திருக்கிறேன். மூடும்போது, எஞ்சினிலிருந்து கியருக்கு இறங்குகிற டிரைவ் ஷாஃப்டை மேலிருந்து பார்த்துக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டே கிண்ணத்தை அமுக்குங்கள். ரெக்கைகள் தானாகச் சரியான பக்கம் மடங்கும்.

அப்புறம் ஒரு விஷயம். கழற்றின இம்பெல்லரில் ரெக்கைத் துண்டு காணவில்லை என்றால் அந்தத் துண்டைக் கண்டுபிடிக்காமல் எஞ்சினை மூடக் கூடாது. ஆரம்ப காலத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததென்று நான்கு இம்பெல்லர் வாங்கி வைத்திருந்தேன். டப்பா, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசல். இரண்டாவது மாதமே ஒருவருடைய எஞ்சினில் இரண்டு ரெக்கை பிய்ந்து தண்ணீர்க் குழாயில் ஏறி, தெர்மோஸ்டாட் (சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வு) வாயில் போய் அடைத்துக்கொண்டது. பிஸ்டன் தலை உருகிப் போயிற்று. அந்த பிஸ்டனுக்கு நான்தான் காசு கொடுத்தேன். அதிலிருந்து புது இம்பெல்லரின் ஒரு ரெக்கையை விரலால் அடி வரை மடக்கிவிட்டு விட்டுப் பார்க்காமல் உள்ளே போடுவதில்லை. நல்ல ரப்பர் உடனே நிமிரும். மோசமானது சோம்பலாக எழும், அல்லது வேரில் வெள்ளைக் கோடு விழும்.

தெர்மோஸ்டாட்டையும் கையோடு பாருங்கள். நூலில் கட்டி, அடுப்பில் வைத்த தண்ணீரில் தொங்கவிட்டால் சுமார் 50 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதுசு, சின்ன சாமான்தான். "அதைக் கழற்றிப் போட்டுட்டா எஞ்சின் எப்பவும் குளிர்ச்சியா ஓடும்" என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். பெட்ரோல் எஞ்சினுக்கே அது நல்லதில்லை. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அது மெதுவாக வைக்கிற விஷம். மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். அதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடானதும் மாற்றுகிறோம். எஞ்சின் குளிர்ந்தே கிடந்தால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கும் சிலிண்டர் சுவரும் உலோகத்தோடு உலோகமாக உரசும். எரியாத மிச்சம் கரியாகி ரிங் பள்ளத்தில் இறுகும்.

சரி, கியர் பெட்டி. பம்பைப் பார்க்க லோயர் யூனிட்டை, அதாவது பம்பும் கியரும் இருக்கிற கீழ்ப் பகுதியை, எப்படியும் இறக்கப் போகிறீர்கள், இரண்டு வேலையும் ஒரே கூலியில் முடியும். பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். கியர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். பவுடர் மாதிரி நைசான சாம்பல் நிறப் படிவு இருந்தால் சாதாரணத் தேய்மானம். வடிகால் திருகின் காந்தத்திலோ விரலிலோ செதில் செதிலாக உலோகம் தட்டினால்தான் பேரிங்கையும் கியரையும் சந்தேகப்பட வேண்டும்.

தண்ணீர் புகுகிற வழி நான்கு. புரொப்பல்லர் ஷாஃப்டு சீல், பம்புக்குக் கீழே இருக்கிற டிரைவ் ஷாஃப்டு சீல், கியர் மாற்றுகிற கம்பியின் சீல், ஆயில் ஊற்றுகிற இரண்டு திருகுகளின் வாஷர். கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் முதலில் பாருங்கள். ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் அந்த வாஷரை மாற்ற வேண்டும். நம் ஊரில் யாரும் மாற்றுவதில்லை. அதை விட்டுவிட்டுக் கியர் பெட்டி முழுக்கப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும். ஆயிலை வடித்துவிட்டு, பெட்டிக்குள் கொஞ்சமாகக் காற்றடித்து (10 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள், நல்ல சீலையும் தள்ளிவிடும்) டிரம் தண்ணீரில் முக்கினால் குமிழி எங்கிருந்து வருகிறதோ அதுதான் குற்றவாளி. ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், ஒரு நிலையில் மட்டும் கசிகிற சீலும் உண்டு.

புரொப்பல்லர் பக்கம் கசிந்தால் பெரும்பாலும் காரணம் வலை நரம்புதான். கடலில் அறுந்து மிதக்கிற நைலான் நரம்பு புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றி, சூட்டில் உருகி, சீலைச் சீவிவிடும். சீல் மாற்றுவது கட்டாயம், அதிலும் சரிசெய்தல் கிடையாது. ஆனால் சீலின் உதடு உரசுகிற இடத்தில் ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒரு மாதம்தான். இங்கே லேத் பட்டறைக்காரர் "வெல்டு அடிச்சுக் கடைஞ்சு தரேன்" என்பார். வேண்டாம் என்பதுதான் என் அனுபவம். வெல்டிங் சூட்டில் ஷாஃப்டு வளைகிறது, வளைந்த ஷாஃப்டு சீலையும் பேரிங்கையும் சேர்த்துத் தின்கிறது. அதற்குப் பதில் மெல்லிய எஃகு வளையம் ஒன்றை ஷாஃப்டின் மேல் இறுக்கமாக ஏற்றிவிடலாம். சீல் உட்காருகிற குழியில் இடமிருந்தால் சீலை ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளி வைத்தாலே உதடு பள்ளத்தை விட்டு விலகி நல்ல இடத்தில் உட்காரும். காசே இல்லாத வைத்தியம் இது, பல வருடம் வந்திருக்கிறது.

கியரில் போட்டதும் "டக் டக்" என்று குதித்து நியூட்ரலுக்கு வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் கியரும், அதைப் பிடித்து ஷாஃப்டோடு சேர்க்கிற கிளட்ச் டாக்கும் ஒன்றையொன்று கவ்வுகிற பல்லின் முனை மழுங்கிவிட்டது. அரத்தால் ராவிக் கூர்மைப்படுத்துகிறவர்கள் உண்டு. மேல் தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்ட உலோகம். அதை ராவி எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மிருது. அந்த வேலை ஒரு மாதம் தாங்காது. இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். குதிக்கவில்லை, செதிலும் இல்லை என்றால் கியர் மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம் ஏன் என்று கேளுங்கள்.

இனி கம்ப்ரஷன். 90 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மண்ணெண்ணெய் மாடலில், எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டாமல் இருக்க, அழுத்த விகிதத்தைப் பெட்ரோல் மாடலைவிடக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். மொத்த எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். 10, 15 சதவீதம் வரை பொறுக்கலாம். உங்களுடையது கால் பங்குக்கு மேல் இறங்கியிருக்கிறது, உண்மையிலேயே ஏதோ இருக்கிறது. ஆனால் மறுபடி ஒரு தடவை முறையாகப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், இரண்டு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இரண்டு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. பிளக் வயர்களை பாடியில் எர்த் பண்ணிவிட்டு இழுங்கள், இல்லாவிட்டால் சிடிஐ (பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கிற மின்பெட்டி) போகலாம்.

பைக் மெக்கானிக்குகள் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்ப்பார்கள். கம்ப்ரஷன் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் ஹெட் (சிலிண்டர் மூடி) பேக்கிங் என்று. அவுட்போர்டில் சிலிண்டர் படுத்துக் கிடக்கிறது. ஆயில் ஒரு ஓரமாக வழிந்து போர்ட் (சிலிண்டர் சுவரில் இருக்கிற வாசல்) வழியாக வெளியே போய்விடும், அந்தச் சோதனையை நம்ப முடியாது. நேராக ஹெட்டைத் திறந்துவிடுங்கள். கீழ் பிஸ்டனின் தலை மட்டும் ஆவி பிடித்துக் கழுவின மாதிரி பளபளப்பாக இருந்தால் பேக்கிங் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது பிஸ்டனோடு உங்களுக்கு வழக்கே இல்லை. ஹெட்டைக் கண்ணாடிப் பலகையில் எமரித் தாள் வைத்துத் தேய்த்துச் சமன் செய்து புது பேக்கிங் போட்டால் முடிந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இடைவெளி 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பேக்கிங் மட்டும் எப்போதுமே புதுசு. பழையதில் கிரீஸ் தடவி மறுபடி போடுவது நாளைக்கு ஒரு பிஸ்டன் வாங்குவதற்குச் சமம்.

பேக்கிங் நன்றாக இருந்தால் அடுத்து ரிங். மண்ணெண்ணெய் எஞ்சினில் தேய்ந்த ரிங்கைவிடக் கரியில் ஒட்டிப்போன ரிங்கை அதிகம் பார்த்திருக்கிறேன். ஒட்டின ரிங் சுவரைத் தொடாது, கம்ப்ரஷன் இறங்கும், ஆனால் போர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிஸ்டனைச் சேதப்படுத்தாமல் ஊறவைத்து ரிங்கை எடுத்து, பழைய ரிங் துண்டாலேயே பள்ளத்தைச் சுரண்டி, புது ரிங் போட்டால் போதும். ரிங் வாய், பிஸ்டன் பள்ளத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊசியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு சிலிண்டரை மூடுங்கள். இல்லாவிட்டால் வாய் போர்ட்டில் மாட்டி உடையும்.

போரில் நீளமாகக் கோடு கோடாக வெள்ளி நிறத்தில் ஒட்டியிருந்தால் உடனே "போர் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். சூட்டில் பிஸ்டனின் அலுமினியம் உருகி, சிலிண்டரின் உள்சுவரான இரும்பு லைனரில் ஒட்டியது அது. பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் பாத்ரூம் ஆசிட் தொட்டு அந்தக் கோட்டில் மட்டும் தடவினால் அலுமினியம் பொங்கிக் கரைந்துவிடும். லைனரைத் தாண்டி பிளாக்கில் ஒரு சொட்டு கூட விழக் கூடாது, பிளாக்கும் அலுமினியம்தானே. கையுறை, காற்றோட்டம் கட்டாயம். உடனே தண்ணீரில் கழுவித் துடைத்து ஆயில் தடவுங்கள். அதற்குப் பிறகு லைனரில் நகம் தட்டுகிற கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹோனிங், அதாவது கல் வைத்து லேசாகத் தேய்ப்பது, மட்டும் போதும். பிஸ்டனிலும் அதே இடத்தில் சிராய்ப்பு இருக்கும், அதை ராவிச் சரிக்கட்டாமல் மாற்றிவிடுங்கள்.

நகம் தட்டினால், அல்லது அளந்து பார்த்ததில் மேலும் கீழும் வித்தியாசம் புத்தகத்தில் சொன்ன அளவைத் தாண்டினால், போர் எடுக்கத்தான் வேண்டும். 0.25, 0.50 மில்லிமீட்டர் கூடுதல் அளவில் பிஸ்டன் வருகிறது. பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் சிலிண்டரை லேத்துக்குக் கொடுக்க வேண்டும்; பிஸ்டனை அளந்து அதற்குத் தக்க போர் எடுக்கிறவர் நல்ல பட்டறைக்காரர். போர் எடுத்ததும் போர்ட் ஓரங்களைக் கொஞ்சம் சாய்த்துவிட்டாரா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையாக விட்டால் புது ரிங் முதல் நாளே மாட்டும். இன்னொன்று, கீழ் சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் கீழ் சிலிண்டரை மட்டும் போர் எடுக்கலாம். "ரெண்டும் ஒரே அளவா இருந்தாதான் பேலன்ஸ்" என்பார்கள். கால் மில்லிமீட்டர் கூடுதல் பிஸ்டனின் எடை வித்தியாசத்தை இந்தச் சின்ன எஞ்சின் கண்டுகொள்ளாது. நல்ல மேல் சிலிண்டரைக் கடைந்தால், பின்னாளில் எடுக்க இருக்கிற ஒரு போரை வீணாக்கியதுதான் மிச்சம்.

கீழ் சிலிண்டர் மட்டும் ஏன் கெட்டது? இதைக் கேட்காமல் விடாதீர்கள். பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில் உப்பும் அந்தக் கறுப்பு மணலும் இறுகி அடைத்திருக்கலாம். ஹெட் திறந்திருக்கும்போதே கம்பியும் நல்ல தண்ணீரும் விட்டுக் குத்திக் கழுவிவிடுங்கள். இன்னொரு சாத்தியம் கிராங்கின் அடி சீல். அது கிழிந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், கலவை மெலியும், மெலிந்த கலவை என்றால் ஆயிலும் குறைவு, சூடும் அதிகம். அந்த சீல் சின்ன சாமான், ஆனால் போட எஞ்சின் தலையை, அதாவது சிலிண்டரும் கிராங்கும் சேர்ந்த மேல் பகுதியை, முழுக்க இறக்க வேண்டும். அதனால் என் வழக்கம், தலையை இறக்கிவிட்டால் கேட்காமலே இரண்டு கிராங்க் சீலையும் மாற்றிவிடுவது. பழையது பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. கூலி பெரிதாக இருக்கிற இடத்தில் சாமானில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கிராங்க்தான் இந்த முழு வேலையின் தலையெழுத்து. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், அதாவது ராடின் நீளவாக்கில். துளி ஆட்டம் கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு, அதைக் காட்டி கிராங்க் போச்சு என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆட்டம் இருந்தால் பிஸ்டன் ரிங்குக்குச் செலவழிக்குமுன் நின்று யோசிக்க வேண்டும். இந்த கிராங்க் துண்டு துண்டாக அழுத்திக் கோர்த்தது. ராடும் ஊசி பேரிங்கும் மாற்றி மறுபடி கோர்க்க முடியும். ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து பைக் கிராங்க் கோர்க்கிற நல்ல கைகள் நம் ஊர்களில் உண்டு. ஆனால் பைக்கில் ஒரு சிலிண்டர். இதில் இரண்டு, நடுவில் வேறு சீல். மூன்று பேரிங்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் போட்டு, நூறில் சில பங்கு மில்லிமீட்டருக்குள் நேர் பார்க்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சுத்தியலால் தட்டிக் கண்ணால் பார்த்து "சரியா இருக்கு" என்பவரிடம் கொடுப்பதைவிட, அதே மாடல் பழைய எஞ்சின் ஒன்றைச் சாமானுக்காக வாங்கி அதன் கிராங்கைப் போடலாம். இதை யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. பிளாக் உடைந்த எஞ்சினில் நல்ல கிராங்க், கியர், கார்புரேட்டர், காயில் எல்லாம் இருக்கும். உடைசல் விலையில் கிடைத்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கு உங்கள் சாமான் கடை வீட்டிலேயே.

கைவிட வேண்டிய நிலை எது என்றால், எனக்கு மூன்றுதான். ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்தது ஒன்று. கிராங்க் பேரிங் தன் குழிக்குள்ளேயே சுற்றி அந்தக் குழியைத் தின்றுவிட்டது இரண்டாவது. கிராங்க் கேஸின் இரண்டு பாதியும் ஒன்றாக வைத்துக் கடையப்பட்டவை. ஒரு பாதியை மட்டும் வேறு எஞ்சினிலிருந்து எடுத்துப் போட முடியாது. மூன்றாவது, உப்பு அரித்துத் தண்ணீர்ப் பாதைக்கும் எக்ஸாஸ்ட் பாதைக்கும் இடையே இருக்கிற சுவர் சல்லடையானது. சின்ன ஓட்டை என்றால் ஆர்கான் வெல்டிங் வைக்கலாம். சல்லடை என்றால் ஒன்றை அடைத்தால் அடுத்த வாரம் பக்கத்தில் ஒன்று திறக்கும். எம்-சீல் பூசிக் கொண்டுவருகிறார்கள், எக்ஸாஸ்ட் சூட்டில் அது நிற்குமா?

சின்னச் சின்னதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டரைக் கழுவினால் போதும், மாற்றத் தேவையே வராது. மிதவை ஊசியும் பேக்கிங்கும் மட்டும் புதுசு. எரிபொருள் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு) வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். சிடிஐ, காயில் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் ஸ்டாப் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் பாருங்கள், பிறகு எர்த் வயர்களின் முனையைச் சுரண்டுங்கள். பாதி சிடிஐகள் இந்த இரண்டில் உயிர் பெறும். நிஜமாகவே போன சிடிஐயைப் பழுது பார்க்க முடியாது. ஸ்பார்க் பிளக் மரை போனால் ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஹெலிகாயில் (கம்பிச் சுருள் மரை) போட்டால் பழையதைவிட உறுதி. புரொப்பல்லரில் சின்ன வெட்டு என்றால் அரம், பெரிய உடைசல் என்றால் வெல்டிங். ஆனால் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் அந்த அதிர்வை ஷாஃப்டு சீல்தான் வாங்கிக்கொள்ளும். அடியில் இருக்கிற துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கட்டுமென்று அதற்கும் சேர்த்து அடித்து, எஞ்சின் பாடியை உப்புக்குத் தின்னக் கொடுத்தவர்கள் நம் கரையில் ஏராளம்.

புது எஞ்சின் கணக்குக்கு வருவோம். மெக்கானிக் சொன்ன மொத்தச் செலவு, அதே எஞ்சினின் இன்றைய புது விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதுசு பக்கம் சாய்வேன். அதுவும் கிராங்கும் கியரும் இரண்டும் போயிருந்தால் மட்டும். உங்களுக்கு அந்த நிலை இருப்பதாகத் தெரியவில்லை. புதுசு வாங்குவதென்றால் மீன்வளத் துறையின் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று சங்கத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எரிபொருள் குறைவாகக் குடிக்கும், உண்மைதான். ஆனால் உங்களைப் போல அலைக்குள் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் கடலில் முங்கினால் டூ ஸ்ட்ரோக்கைக் கரையிலேயே பிளக்கைக் கழற்றி, தண்ணீரை இழுத்து வெளியேற்றி, ஆயில் விட்டுக் காப்பாற்றலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தொட்டி, வால்வு என்று தண்ணீர் ஒளிகிற இடம் அதிகம். எதுவானாலும் முங்கின எஞ்சினை வெயிலில் காய வைக்காதீர்கள். உடனே மெக்கானிக் கிடைக்காவிட்டால் நல்ல தண்ணீர் டிரம்மிலேயே முக்கி வையுங்கள். காற்றுப் பட்டால்தான் துரு ஏறும்.

எப்போது பிரிப்பது என்றால், ஆனி ஆடியில் கடல் கொந்தளிக்கிற நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். வள்ளம் எப்படியும் கரையில்தான். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை பம்பும் கியர் ஆயில் வாஷரும். அவற்றை இந்த வாரமே செய்துவிடுங்கள், ஒரு நாள் வேலைதான். பிறகு இரண்டு வாரம் தொழிலுக்குப் போய்விட்டு வந்து கம்ப்ரஷனும் கியர் ஆயில் நிறமும் மறுபடி பாருங்கள். கரைக்கு வரும் முன் பெட்ரோலுக்கு மாற்றி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறீர்களா என்பதையும் கவனியுங்கள். அதைச் செய்யாத எஞ்சினில் என்ன மாற்றினாலும் கரி திரும்பி வரும். போர் எடுக்க நேர்ந்தால் முதல் 10 மணி நேரம் ஆயிலை இரட்டிப்பாகக் கலந்து, முழு த்ராட்டில் கொடுக்காமல் ஓட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, கழற்றின பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள், சீல் வரைக்கும். ஹெட்டைத் திறந்ததும் பிஸ்டன் தலை இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ராடில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். கிராங்க் பற்றி அப்போது பேசுவோம்.